வலக்கைப் பக்கம் ஒன்பது மில்லிமீற்றர்

அத்தியாயம் 4

"என்ர அப்பா எந்தப் பக்கம் பிழை விட்டவர், மிஸ்?"

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கந்தோருக்குப் பலவிதமான கேள்விகளோடு ஆட்கள் வருவதுண்டு. வாங்கப் போகிற வீட்டில் கூரை ஒழுகுமா, கட்டி ஆறு மாதத்தில் சுவர் ஏன் வெடித்தது, மேசன் சொல்வது உண்மையா, மரவேலை ஓடாவி சொல்வது உண்மையா. இப்படியொரு கேள்வியோடு இதுவரை யாரும் படியேறியதில்லை.

பிரேமினி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். முன்பள்ளி ஆசிரியைகள் உடுக்கிற நீலச் சேலை. பெயர் சுவேதினி என்றாள், ஊர் வங்காலை என்றாள். பிறகு பைக்குள் இருந்து பொலித்தீன் உறை போட்ட ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

அதைப் படிக்கப் பிரேமினிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

*மண்டபத் தளம் வலப்பக்கச் சுவரை நோக்கிச் சரிவு. பத்து அடிக்கு 9 மி.மீ. அனுமதி 6 மி.மீ. தளம் நிராகரிக்கப்படுகிறது.*

கீழே திகதி, பதினொரு வருடங்களுக்கு முந்தியது. அதற்குக் கீழே தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையொப்பம். வீட்டுத்திட்டம் முடிந்து, அவள் அந்த வேலையை விட்டு, வீடுகளைப் பரிசோதிக்கும் இந்தத் தனித்தொழிலைத் தொடங்கியும் ஏழு வருடமாகிவிட்டது. கையொப்பம் மட்டும் இன்றைக்கும் அதேதான்.

"பதினொரு வருசமா மடிப்புக் கூட விழேல்ல," என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான் றமீஸ். வீட்டுத்திட்டக் காலத்திலிருந்தே அவளுடைய உதவியாளன், ஆட்டோச் சாரதி, கணக்குப்பிள்ளை, எல்லாம் அவன்தான். "என்ர கலியாணப் பேப்பர் ரெண்டு வருசத்திலேயே கிழிஞ்சு போச்சு. கிழிச்சது ஆர் எண்டு நான் சொல்ல மாட்டன்."

சுவேதினி சிரிக்கவில்லை.

"எனக்கு அடுத்த மாசம் கலியாணம் மிஸ். அதுக்கு முதல் மண்டபத்துக்கு மாபிள் பதிப்பம் எண்டு ஆளைக் கூப்பிட்டம். அவர் மட்டம் பாத்திட்டு, தளம் இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு எண்டுறார். கடதாசியில வலப்பக்கம் எண்டு கிடக்கு. அப்பா தன்ர வீட்டுத் தளத்தைத் தானே போட்டவர். ஊரெல்லாம் அவரைச் சொல்லிச் சிரிச்சது. எந்தப் பக்கத்துக்காகச் சிரிச்சவை எண்டாவது எனக்குத் தெரிய வேணும்."

"அப்பா இப்ப எங்க வேலை?" என்று கேட்டான் றமீஸ்.

"அவர் இல்லை," என்றாள் பிரேமினி. அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முதலே சொல்லிவிட்டாள். "மேசன் வலன்ரைன். பாலத்தடியில மரண நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் பாத்தனான்."

றமீஸின் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் தங்கி, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் மறைந்தது.

*

ஆட்டோ பாலத்தைக் கடந்தது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், வெயிலில் தகரம் போல் மினுங்கிக் கொண்டிருந்தது. நடுவீதியில் நின்ற மூன்று கழுதைகளுக்காக றமீஸ் ஹோர்ன் அடித்தான். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவையள் எல்லாம் பிரதேச சபை ஆக்கள் போல," என்றான். "மிஸ், ஒரு சந்தேகம். ஒன்பது மில்லிமீற்றர் எண்டா எவ்வளவு?"

"உம்மட சின்னி விரல் தடிப்பு."

"அதுக்கா ஒரு வீட்டை வேண்டாம் எண்டு எழுதினது? எங்கட வீட்டில உருளைக்கிழங்கு கீழ விழுந்தா, பக்கத்து வீட்டுக் குசினியில போய்த்தான் எடுக்கவேணும். அதுக்கு எத்தினை மில்லிமீற்றர்?"

"அதை மைலிலதான் அளக்க வேணும்," என்றாள் பிரேமினி. வழமையாக இதற்குப் பிறகு அவளும் சிரிப்பாள். இன்றைக்கு வரவில்லை.

"முழு மட்டமான தளம் எண்டு உலகத்தில ஒண்டும் இல்லை, றமீஸ். மனுசர் கையால போடுற சீமெந்து எங்கயோ ஒரு இடத்தில ஏறும், எங்கயோ இறங்கும். எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் எண்டதுதான் எங்கட கேள்வி. திட்டத்தில பத்து அடிக்கு ஆறு எண்டு தந்தவை. எட்டு எண்டு தந்திருந்தாலும் நான் ஒன்பதைப் பொறுத்திருக்க மாட்டன். அப்ப எனக்கு அப்பிடி ஒரு பிடிவாதம்."

நினைவு பின்னால் ஓடியது. நிராகரித்த பிறகு அந்த மேசன் மூன்று தரம் கந்தோருக்கு வந்தார். நெடிய, மெலிந்த மனிதர். விரல் இடுக்கில் எப்போதும் சீமெந்து. மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "மிஸ், ஒருக்கா மட்டத்தைத் திருப்பி வச்சுப் பாருங்கோ." அவள் கடதாசிக் கோவையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஒருக்காப் பாத்தது காணும்." மூன்றாம் தரமும் அதே வசனம், அதே பதில். நாலாம் தரம் அவர் வரவில்லை.

பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. சொந்த வீட்டுத் தளத்தையே கோணலாகப் போட்ட மேசனை யார் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? இரண்டு வருடம் வேலையில்லை. கடைசியில் சீமெந்துக் கரண்டியை வைத்துவிட்டு ஒரு படகில் கூலிக்கு ஏறினார். சோழகக் காற்று படகைக் கவிழ்த்தது. மற்ற இரண்டு பேரும் நீந்தி வந்தார்கள். மேசனுக்கு நீந்தத் தெரியாது. மூன்றாம் நாள் கரை சேர்ந்தார்.

ஒன்பது ஒன்பதுதான் என்று இத்தனை காலமும் அவள் தனக்குச் சொல்லி வந்திருந்தாள். இன்றைக்கும் அந்த ஒன்பதைத் தேடித்தான் போய்க் கொண்டிருந்தாள். அது அங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசை அவளுக்கே பிடிக்கவில்லை.

*

வலன்ரைனின் மனைவி றெஜினா கதவடியில் நின்றாள். பிரேமினியைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள் என்பது அவள் கண்களில் தெரிந்தது. ஆனாலும் "வாங்கோ" என்றாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வலன்ரைனின் படம் இருந்தது. வேலைக்குப் போகிற உடுப்போடு யாரோ எடுத்தது.

றமீஸ் நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் குழாயை விரித்து அதற்குள் தண்ணீர் நிரப்பினான். ஒரு முனையை இடப்பக்கச் சுவரோடும் மறு முனையை வலப்பக்கச் சுவரோடும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்திலிருந்து தளம் எவ்வளவு கீழே என்று இரண்டு பக்கமும் அளந்தால் சரிவு தெரிந்துவிடும்.

"தண்ணிக்கு ஆளையும் தெரியாது, கந்தோரையும் தெரியாது," என்றான் றமீஸ். "லஞ்சம் குடுக்கேலாத ஒரே உத்தியோகத்தர்."

இரண்டு தரம் அளந்தார்கள். மூன்றாம் தரம் ஆட்களை மாற்றி நின்று அளந்தார்கள்.

"இடப்பக்கம்தான் பதிஞ்சு கிடக்கு," என்றாள் பிரேமினி. "பத்து அடிக்கு ஒன்பது மில்லிமீற்றர்."

"அது எனக்குப் பதினொரு வருசமாத் தெரியும்," என்றாள் றெஜினா. "கழுவிவிட்டா தண்ணி அந்த மூலைக்குத்தான் போகும். அலுமாரியின்ர இடப்பக்கக் காலுக்கு மட்டை மடிச்சு வச்சுத்தான் கதவு பூட்டுறது."

"பதினொரு வருசமா? அதுக்கு முதல்?"

றெஜினா யோசித்தாள். "முதல் போட்ட தளத்தில நாங்கள் இருந்தது ஒரு மாசம்தானே. அப்ப அலுமாரிக்கு மட்டை வைக்கேல்ல."

பிரேமினி கடதாசியை மறுபடி பார்த்தாள். வலப்பக்கம் ஒன்பது. இப்போது இடப்பக்கம் ஒன்பது. அவளுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி எழுந்தது. நிராகரித்த தளத்துக்கு மேலே திட்டக்காரர்கள் வேறொரு மேசனைக் கொண்டு ஒரு மேல்பூச்சுப் போடுவித்தார்கள். சிலாவத்துறை நுஃமான். அவன் திருத்துகிறேன் என்று அளவுக்கு மிஞ்சி வலப்பக்கத்தை உயர்த்தியிருப்பான். அப்படியென்றால் இன்றைய பிழை நுஃமானுடையது, அன்றைய பிழை வலன்ரைனுடையது. கடதாசி சரி.

"நுஃமானிட்டக் கேப்பம்," என்றாள்.

றமீஸ் தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டான். நுஃமான் இப்போது புத்தளத்தில் வேலை செய்கிறான். எங்கேயோ கூரையில் நின்றான் போல, காற்று இரைந்தது.

"வங்காலை வீடோ? மறக்கேலுமா மிஸ்? வலன்ரைன் அண்ணை முற்றத்தில நிண்டு பாத்துக்கொண்டிருக்க, அவற்ற தளத்தைக் கொத்தி மேல்பூச்சுப் போட்டனான். அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்ல."

"இப்ப அது இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு நுஃமான். நீர் கூடப் போட்டிட்டீர்."

"அது எப்பிடி மிஸ்?" குரலில் கோபம் ஏறியது. "நான் என்ர மட்டப்பலகையையே வைக்கேல்ல. கந்தோர் மட்டம்தான் வைக்கவேணும் எண்டு சொல்லி, உங்கட ஆள் கொண்டுவந்து தந்தவர். எழுத்து நேராத் தெரிய வச்சு, குமிழி நடுவில நிக்கிற மாதிரி ஒவ்வொரு முழமாப் பாத்துப் போட்டனான். பிறகு நீங்களே வந்து, அதே மட்டத்தை வச்சு, சரி எண்டு கையெழுத்து வச்சீங்கள். மறந்து போனீங்களோ?"

மறக்கவில்லை. அந்தக் கையொப்பத்தைப் பற்றி இவ்வளவு நேரமும் அவள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அழைப்பு முடிந்தது. இப்படி ஒரு இடைவெளி கிடைத்தால் றமீஸ் விடமாட்டான். கூரையில் நிற்கிறவனுக்குக் கோபம் வந்தால் ஆபத்து என்றாவது சொல்லியிருப்பான். அவன் குழாயைச் சுருட்டிக் கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான். பிரேமினி அதைக் கவனித்தாள். அப்போதைக்கு அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை.

*

"ரெண்டு இடத்தில கொத்திப் பாக்கவேணும்," என்றாள் றெஜினாவிடம். "இடப்பக்கச் சுவரோட ஒண்டு. வலப்பக்கச் சுவரோட ஒண்டு. உள்ளங்கை அகலம் காணும்."

"அதில என்ன தெரியும்?" சுவேதினிதான் கேட்டாள்.

பிரேமினி ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினாள்.

"அப்பாவின்ர தளம் கீழ. நுஃமான்ர பூச்சு மேல. மண்டபம் பத்து அடி அகலம். அப்பாவின்ர தளம் உண்மையா வலப்பக்கம் ஒன்பது பதிஞ்சிருந்தா, அதை நிரப்ப நுஃமான் ஒன்பது போட்டிருக்க வேணும். பிறகு அதுக்கும் மேல ஒன்பது போட்டாத்தான் இண்டைக்கு மற்றப் பக்கம் சரியும். அப்ப வலப்பக்கப் பூச்சு இடப்பக்கத்தை விடப் பதினெட்டு மில்லிமீற்றர் தடிப்பா இருக்கும்."

"இல்லாட்டி?"

"வித்தியாசம் ஒன்பது மட்டும் எண்டா..." பிரேமினி பென்சிலை வைத்தாள். "முதல்ல கொத்துவம்."

"உடையுங்கோ," என்றாள் றெஜினா. "மாபிளுக்குக் கீழ போறதுதானே."

றமீஸ் உளியும் சுத்தியலுமாக வந்து இடப்பக்க மூலையில் குந்தினான். கொத்தத் தொடங்கினான். சாம்பல் நிறச் சீமெந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே நிறம் மாறியது.

சிவப்பு.

றெஜினா வாயைப் பொத்திக் கொண்டாள். வலன்ரைன் சிவப்புச் சாயம் கலந்து, தேங்காய்ப் பொச்சால் நாட்கணக்காகத் தேய்த்து மினுக்கிய தளம். அதன் மேல் நுஃமானின் கொத்து வடுக்கள் அம்மைத் தழும்பு போலக் கிடந்தன. வடுக்களுக்கு நடுவே மிச்சமிருந்த இடம் இன்னமும் மினுங்கியது.

"இருபது மில்லிமீற்றர்," என்று பிரேமினி அளவுகோலைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு வலப்பக்கம். அங்கேயும் சாம்பல் பெயர்ந்து சிவப்பு வந்தது. றமீஸ் அளவுகோலை வைத்தான்.

"எத்தினை?"

அவன் விலகி இடம் விட்டான். பிரேமினி முழங்காலில் இருந்து தானே குனிந்து பார்த்தாள். முப்பத்தெட்டுக்கு அவள் மனம் ஆயத்தமாக இருந்தது. முப்பத்தெட்டு வர வேண்டும் என்று வேண்டிக் கொண்டுதான் குனிந்தாள்.

இருபத்தொன்பது.

கதிரையைப் பிடித்துக் கொண்டு எழுந்தாள். குழாயை மறுபடி எடுக்கச் சொன்னாள். இந்த முறை இரண்டு முனையையும் திறந்து கிடந்த சிவப்புத் தளத்தின் மேல் வைத்து அளந்தார்கள். மண்டபத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையில், பதினொரு வருடம் புதைந்து கிடந்த அந்தத் தளத்தில், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான வித்தியாசம்தான். அவளுடைய இருபத்தைந்து வருட அனுபவத்தில் இவ்வளவு மட்டமாக ஒரு தளத்தை அவள் கண்டதில்லை.

"பிள்ளை," என்றாள். சுவேதினியை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். "நீர் கேட்டதுக்கு மறுமொழி இதுதான். உம்மட அப்பா ஒரு பக்கமும் பிழை விடேல்ல."

சுவேதினி தகப்பனின் படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று பிரேமினி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"அப்ப ஒன்பது எங்க இருந்து வந்தது?" என்று கேட்டாள்.

*

அந்தக் காலத்து வேலைக் குறிப்புப் புத்தகத்தைப் பிரேமினி வரும்போதே பைக்குள் போட்டுக் கொண்டுதான் வந்திருந்தாள். வீட்டுக்கு வெளியே, பூவரச மர நிழலில் நின்ற ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அதை விரித்தாள்.

இரண்டு வருடத்தில் அவள் பார்த்த வீடுகள் முந்நூறுக்கு மேல். தளம் மட்டமில்லை என்று நிராகரித்தவை ஆறு. அந்த ஆறில் ஐந்து ஒரே மாதத்தில்.

விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். வங்காலை வீடு கிழக்கு வாசல், தளம் தெற்கே சரிவு... இல்லை. கிழக்குப் பார்த்த வாசலால் உள்ளே போகிறவர் மேற்கைப் பார்க்கிறார். அவருக்கு வலக்கைப் பக்கம் வடக்கு. ஆம், வடக்கே சரிவு. பேசாலை வீடு வடக்கு வாசல். உள்ளே போகிறவருக்கு வலக்கைப் பக்கம் மேற்கு. மேற்கே சரிவு. தலைமன்னார் வீடு தெற்கு வாசல், கிழக்கே சரிவு. மற்ற இரண்டும் முருங்கன் பக்கம். அங்கேயும் அப்படியே. ஐந்து வீடு, ஐந்து மேசன், வேறு வேறு மண், வேறு வேறு திசை. சரிவு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் வாசலால் நுழைகிறவரின் வலக்கைப் பக்கம். ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது.

தளத்துக்கு வலக்கை கிடையாது. ஐந்து வீட்டுக்கும் பொதுவாக இருந்த வலக்கை ஒன்றுதான். அவளுடையது. மட்டப்பலகையின் எழுத்து நேராகத் தெரியவேண்டும் என்பதற்காக மட்டத்தை எப்போதும் ஒரே விதமாகத்தான் அவள் வைப்பாள், கண்ணாடிக் குழாயின் அடையாளம் வலப்பக்கம் வரும்படி.

மட்டம் பிழையாக இருந்தால்?

அதைக் கண்டுபிடிக்கப் பத்து விநாடி போதும். ஒரு தரம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தலைமாற்றித் திருப்பி, இடப்பக்க முனையை வலப்பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். தளம் சரிவென்றால் குமிழி இரண்டு தரமும் ஒரே சுவரைக் காட்டும். மட்டம் பிழையென்றால் குமிழி பக்கம் மாறும்.

*மிஸ், ஒருக்கா மட்டத்தைத் திருப்பி வச்சுப் பாருங்கோ.*

இன்னொரு தரம் பாருங்கள் என்று கெஞ்சுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் கெஞ்சவில்லை. தலைமாற்றி வைக்கச் சொன்னார். பிழை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று தரம் வந்து, நின்றபடி, அந்த விடையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

புத்தகத்தை மூடினாள். றமீஸ் மரத்தில் சாய்ந்து நின்றான்.

"அந்த மாசம் மட்டத்துக்கு என்ன நடந்தது?"

அவன் மறுமொழி சொல்ல வாயெடுத்தான். பகிடி எதுவும் வரவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வரவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்து அஞ்சாம் நாள், மிஸ். மோட்டச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தனான். பாலத்தில காத்து. கயிறு அவிண்டு விழுந்திட்டுது. எடுத்துப் பாத்தன், கண்ணாடி உடையேல்ல. குமிழியும் இருந்தது. துடைச்சுப் போட்டு வச்சிட்டன். சொன்னா வேலை போயிடும் எண்டு பயம். வாப்பா அப்ப படுத்த படுக்கை." அவன் நிறுத்தினான். "ஒரு மாசத்தால திட்டத்தில புது மட்டங்கள் வந்தது. நானே பழசைக் கொண்டுபோய் ஸ்ரோரில குடுத்தன். அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். இண்டைக்கு நுஃமான் சொல்லும்வரைக்கும், அல்லாஹ் மேல ஆணையா, நான் ரெண்டையும் சேர்த்துப் பாக்கவே இல்லை மிஸ்."

பிரேமினி அவனையே பார்த்துக் கொண்டிருந்தாள். ஏச வேண்டும் போல இருந்தது. ஏசினால் கொஞ்சம் ஆறும் போலவும் இருந்தது.

"மட்டம் விழும்," என்றாள் கடைசியில். "விழாத மட்டம் இல்லை. அதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் காலமை திருப்பி வச்சுப் பாக்கச் சொல்லிப் படிப்பிக்கிறது. நானே எத்தினை பேருக்குப் படிப்பிச்சனான். அந்த மாசம் நான் ஒரு நாளும் பாக்கேல்ல."

"நான்தான் சொல்லவேணும். உள்ள போய் நான் சொல்லுறன்."

"ரெண்டு பேரும் சொல்லுவம்."

*

றெஜினா கொத்திய இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சீமெந்துச் சில்லுகளை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்கியிருந்தாள். றமீஸ் அவளுக்கு எதிரே குந்தி, மட்டம் விழுந்ததைச் சொன்னான். ஒன்றையும் குறைக்கவில்லை. பிரேமினி நின்றபடியே மிச்சத்தைச் சொன்னாள். இந்த வீட்டில் உட்கார்ந்து சொல்ல அவளால் முடியவில்லை. மூன்று தரம் அவர் வந்ததையும், தான் தலையைத் தூக்காமல் இருந்ததையும் சொன்னாள்.

சுவேதினி சுவரோடு ஒட்டி நின்று கேட்டாள். கேட்டு முடிய முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து அவள் அழுகிற சத்தம் வந்தது.

றெஜினா அழவில்லை. மேசையில் கிடந்த கடதாசியை எட்டி எடுத்தாள்.

"இதை நான் ஏன் பொலித்தீன் போட்டு வச்சிருந்தனான் தெரியுமோ?"

கடதாசியை மடியில் வைத்துக் கொண்டாள்.

"படகுக்குப் போன அண்டு காலமை, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர். ஊரில ஆரோ பகிடி பண்ணியிருக்க வேணும். 'றெஜினா, நீயும் நம்புறியோ?' எண்டு கேட்டார். ரெண்டு வருசமா வேலை இல்லை, எனக்கும் அலுத்துப் போச்சு. நான் வாயால ஒண்டும் சொல்லேல்ல. அலுமாரியைத் திறந்து இந்தக் கடதாசியை எடுத்து அவருக்கு முன்னால வச்சன். 'இதில எழுதிக் கிடக்கே' எண்டன்."

அவள் பொலித்தீன் உறையின் மேல் விரலை ஓட்டினாள்.

"தேத்தண்ணியை முழுக்கக் குடிக்கேல்ல. எழும்பிப் போயிட்டார். மூண்டாம் நாள்தான் வந்தார். அதுக்குப் பிறகு எனக்கு எப்ப மனம் கரைச்சல் பட்டாலும் இதை எடுத்துப் படிக்கிறது. நான் ஒண்டும் பொய் சொல்லேல்லையே, கந்தோரில எழுதினதைத்தானே சொன்னனான் எண்டு. ஒன்பது வருசமா இதுதான் எனக்குத் துணை. இண்டைக்கு அதையும் பறிச்சுப் போட்டீங்கள்."

"அக்கா..." என்றாள் பிரேமினி. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அந்த வீட்டில் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உங்களை நான் என்ன சொல்ல?" என்றாள் றெஜினா. "நீங்கள் பிறத்தி ஆள். ஒரு பிழையை எழுதிப் போட்டுப் போனீங்கள். அவரோட ஒரு பாயில படுத்து எழும்பினவள் நான். அதை நம்பினது நான்தானே."

வெளியே காற்று பனைகளைப் போட்டு அலைத்துக் கொண்டிருந்தது. றெஜினா கையை நீட்டி, வெளித்தெரிந்த அந்தச் சிவப்பு மேல் உள்ளங்கையை வைத்தாள். கொத்து வடுக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"மகள் மாபிள் போட ஆசைப்பட்டவள். போடட்டும்," என்றாள் பிறகு. "ஆனா மேல்பூச்சை முழுக்க எடுத்துப் போட்டு, அவற்ற தளத்துக்கு மேலதான் போட வேணும்."

"நானே கொத்தி எடுத்துத் தாறன்," என்றான் றமீஸ். "ஒரு வடு புதுசா விழாம எடுக்கிறன், அக்கா."

அவள் அவனை ஏறெடுத்துப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

"ஞாயிறு எட்டு மணிப் பூசை முடிய, எல்லாரும் கோயில் வாசலில நிப்பினம்," என்றாள் பிரேமினியிடம். "சிரிச்ச சனம் முழுக்க நிக்கும். இப்ப எனக்குச் சொன்னதை அங்க வந்து சொல்லுவீங்களோ? மூண்டு தரம் வந்து கேட்டவர் எண்டதையும்?"

"சொல்லுவன்."

"என்னையும் சொல்லுங்கோ. பொஞ்சாதியும் நம்பேல்ல எண்டு சொல்லுங்கோ."

"அதை நான் சொல்ல மாட்டன் அக்கா."

"அப்ப நானே சொல்லுறன்," என்றாள் றெஜினா.

*

ஆட்டோவில் ஏறிய பிறகும் றமீஸ் கனநேரம் திறப்பைத் திருகவில்லை. பிரேமினி பின்னால் இருந்து குறிப்புப் புத்தகத்தை மறுபடி விரித்தாள். வங்காலை என்ற வரிக்குக் குறுக்கே கோடு போட்டு, 'தளம் மட்டம். பிழை உத்தியோகத்தருடையது' என்று எழுதித் திகதி போட்டாள். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தன.

"கந்தோருக்கா மிஸ்?"

"இல்லை. பேசாலைக்கு."

"இண்டைக்கேயா?"

"இன்னும் நாலு மேசன்மார் இருக்கினம், றமீஸ்."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கேட்கலாமா என்று தயங்கியது தெரிந்தது. கேட்டான்.

"இருப்பினமா மிஸ்?"

அவள் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக் கொண்டாள். ஆட்டோ மணலை உதறிக் கொண்டு வீதிக்கு ஏறி, மன்னார்த் தீவின் பக்கம் திரும்பியது.